முப்பதில் நின்ற முள்

மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கும் பழக்கத்தை இந்த ஒரு முறை விட்டுவிடுகிறேன். நலமாக இல்லாத ஒருத்தியைப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். அவள் பெயர் பச்சையம்மாள். உனக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்காது. நீ கேட்கவில்லை. "அந்தப் பொம்பள" என்றுதான் ஒவ்வொரு முறையும் சொன்னாய்.

இந்தக் கடிதத்தை ஒட்டவில்லை. உன் மாமா நாளைக் காலை மெட்ராஸ் பஸ்ஸில் வரும்போது கையோடு கொண்டுவருவார். வழியில் பிரித்துப் படிப்பார். படிக்கட்டும். உன் அம்மா இப்போதே என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். உனக்கு எழுதுவதை இந்த வீட்டில் யாரிடமிருந்தும் மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. மறைத்தது போதும்.

நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். உன் வாயிலும் மாமா வாயிலும் அது நாளுக்கொரு வடிவம் எடுக்கிறது. சித்ரா பௌர்ணமியன்று மாலை, உன் கல்யாணப் பத்திரிகை வைக்க, என் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனாய். மலை சுற்றுகிறவர்கள் அப்போதே நடக்கத் தொடங்கியிருந்தார்கள். பச்சையம்மாள் வேர்க்கடலைக் கூடையோடு ரோட்டோரப் புளியமரத்தடியில் கடை போட வந்துகொண்டிருந்தாள். நீ அவளை இடித்தாய். அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. உனக்கு முழங்கையில் சிராய்ப்பு. வண்டியின் ஹெட்லைட் கண்ணாடி உடைந்தது. மீட்டர் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

அன்று ஸ்டேஷனில் நீ சொன்னது: முப்பதில்தான் வந்தேன், அந்தம்மா குறுக்கே வந்துவிட்டது. மறுநாள், மலை சுற்ற வந்த இரண்டு பேர் உன் வேகத்தைப் பற்றிச் சொன்ன பிறகு, மாற்றிச் சொன்னாய். மீட்டர் முள் முப்பதிலேயே நின்றுபோய்விட்டது, அதனால் எனக்கு வேகம் தெரியவில்லை, பழைய வண்டி, அப்பா ரிப்பேர் பார்க்காமல் வைத்திருந்தார். அதைச் சொல்லிவிட்டு, லீவு முடிந்தது என்று மெட்ராஸுக்குப் பஸ் ஏறிவிட்டாய். விபத்து நடந்த இரவே, ஸ்டேஷன் வாசலில் இடமில்லை என்று மாமா பேசி, வண்டியை நம் வீட்டு வேப்பமரத்தடியிலேயே நிறுத்தவைத்தார். வேலூரிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும் வரை அதை யாரும் தொடக் கூடாது என்று ஏட்டு சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு மாமா வந்தார். உன் தூதுவராக. காபியை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஒரே வார்த்தை மச்சான். 'ஆமாங்க, முள்ளு கொஞ்ச நாளாவே சரியில்ல'ன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிடுங்க. முடிஞ்சிச்சி."

"முள்ளு நல்லா இருக்கு."

"எந்தப் பழைய வண்டியில முள்ளு நல்லா இருக்கு? ஊர்ல ஓடற வண்டியில பாதிக்கு மீட்டரே கெடையாது. என் வண்டியில அந்த ஓட்டையில வெத்தலப் பாக்கு வெச்சிருக்கேன்."

"அப்ப அவன் உங்க வண்டியில போயிருக்கணும்."

"வாத்தியாருக்குக் கிண்டல் ஜாஸ்தி. மாப்பிள்ளை மேல கேஸுன்னு கீழ்பென்னாத்தூர்க்காரங்க காதுல விழுந்தா பொண்ணு குடுப்பாங்களா? உங்க பேர்ல ஒரு சின்னக் குத்தம். வண்டியச் சரியா வெச்சிக்கல. அவ்ளோதான். பெத்த புள்ளைக்கு இதுகூடச் செய்ய மாட்டீங்களா?"

உன் அம்மா கதவோரம் நின்றிருந்தாள். காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். இந்த வீட்டில் அப்போது என்னைத் தவிர எல்லோருக்கும் முள் நின்றுபோயிருந்தது.

நான் உடனே மறுத்துவிட்டேன் என்று நினைக்காதே. யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவும் செய்தேன். அன்று பகல் முழுவதும், நீ கேட்டதைச் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உனக்கு எதிராக அல்ல, உனக்காகத்தான். மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளைப் பார்த்துவிட்டால் முடிவு செய்வது சுலபமாக இருக்கும் என்று ஒரு எண்ணம்.

பெண்கள் வார்டில் கடைசிக் கட்டில். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் அவள் தம்பி, லுங்கியும் கைவைத்த பனியனுமாக, என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"யாரு சார் நீங்க?"

"வண்டி என்னுது. ஓட்டினது என் பையன்."

"அவன் எங்க?"

"மெட்ராஸ் போயிருக்கான்."

"கல்யாணமாமே. பந்தியில மல்லாட்ட உருண்ட போடறதா இருந்தா சொல்லுங்க சார். அக்கா எழுந்திரிச்சா கடல வறுத்துக் குடுக்கும். எழுந்திரிச்சா."

பச்சையம்மாள் அவனைப் பார்த்து, "நீ சும்மா இருடா, வாயிலயே வண்டி ஓட்டாத" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். திரும்பியது கண்கள் மட்டும்தான். மற்றதைத் திருப்ப முடியாது.

"முள்ளு நின்னுபோச்சுன்னு சொல்றானாமே சார் உங்க புள்ள?"

"சொல்றான்."

"நின்னுபோன முள்ளயா அப்படிக் குனிஞ்சி பாத்துக்கினு வந்தான்?"

எனக்கு விளங்கவில்லை. என்ன சொல்கிறாய் அம்மா என்று கேட்டேன்.

"நான் கூடையோட ஓரமா நிக்கறேன். அவன் என்னப் பாக்கல, ரோட்டப் பாக்கல. ஹேண்டில்பார் நடுவுல தலைய வெச்சிக்கினு, அந்தக் கண்ணாடியவே பாத்து சிரிச்சிக்கினு வரான். ரேடியோல பாட்டு கேக்கறவன் மாதிரி. 'டேய், டேய்'னு கத்தறேன். நிமிரவே இல்ல சார்."

திரும்பி நடந்தே வந்தேன். நின்றுபோன முள்ளை ஒருவன் எதற்காகப் பார்க்க வேண்டும்? பார்த்து எதற்காகச் சிரிக்க வேண்டும்? ஏறுகிற முள்ளைத்தான் பார்த்துச் சிரிப்பார்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று. இது எனக்குத் தேரடி வருவதற்குள் தெரிந்துவிட்டது. ஆனாலும் வீட்டுக்கு வந்து, மறுநாள் காலை, யாரும் தொடக் கூடாது என்று சொல்லப்பட்ட வண்டியைத் தொட்டேன். அவள் தவறாகப் பார்த்திருக்கலாம் அல்லவா. முள் நிஜமாகவே நின்றுபோயிருக்கலாம் அல்லவா.

மீட்டர் ஓடவில்லை என்றால் கீழிருந்து தேட வேண்டும். உனக்கும் தெரியும். முன்சக்கரம் சுற்றும்போது அதன் அச்சுப் பக்கத்தில் ஒரு சின்னப் பல்சக்கரம் சுற்றுகிறது. அது ஒரு நீண்ட கம்பியை முறுக்குகிறது. கம்பி ஒரு கறுப்பு உறைக்குள் மேலே ஏறிப் போய் மீட்டருக்குள் நுழைகிறது. அந்தச் சுழற்சிதான் முள்ளைத் தூக்குகிறது. கோளாறு பெரும்பாலும் கீழேதான் இருக்கும். பல் தேய்ந்திருக்கும், அல்லது கம்பியின் சதுர முனை மழுங்கியிருக்கும். அடுத்ததாகக் கம்பி நடுவில் அறுந்திருக்கும். மீட்டரே கெட்டிருப்பது அபூர்வம். அதனால் அதைக் கடைசியாகத்தான் திறப்பார்கள். நான் மேலிருந்து தொடங்கினேன். மீட்டரிலிருந்து. அங்கே கோளாறு இருந்தால் அது யாருடைய குற்றமும் ஆகாது. உன்னுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. உள்ளே ஒரு ஸ்பிரிங் உடைந்து கிடக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். பல்கலைக்கழகத்தில் படித்தவன், காரணங்களைப் பற்றி மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன், ஒரு ஸ்பிரிங் உடைந்திருக்க வேண்டும் என்று வேப்பமரத்தடியில் குந்தி உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருந்தேன்.

மீட்டருக்குக் கீழே கேபிளைக் கழற்றினேன். அந்தத் துளையில் ஒரு மெல்லிய ஆணியைச் செருகி விரலால் திருகினேன். முள் ஏறியது. விட்டேன். இறங்கியது. இன்னொரு முறை. ஏறியது, இறங்கியது. மீட்டர் நன்றாக இருந்தது.

எஞ்சினுக்கு அடியில் கல் வைத்து முன்சக்கரத்தைத் தூக்கினேன். கையால் சுற்றினேன். கேபிளின் மேல் நுனியில் கம்பி சுற்றியது. பல்சக்கரம் நன்றாக இருந்தது. கம்பியும் அறுந்திருக்கவில்லை.

அப்போதுதான் எறும்புகளைப் பார்த்தேன். மரத்தடியிலிருந்து ஒரு வரிசை. டயரில் ஏறி, ஆரக்கம்பிகள் வழியாக, சக்கரத்தின் நடு அச்சுக்கு. கேபிள் வந்து சேருகிற இடத்துக்கு. கிரீஸுக்கு எறும்பு வராது. உறைக்குள்ளிருந்து கம்பியை மெதுவாக உருவினேன். என் விரல்களில் வழிந்தது மஞ்சளாக, தண்ணீர்போல இருந்தது. முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கம்பியின் முறுக்குக்கு நடுவில் கறுத்துப் பொரிந்த ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. முருங்கை இலை.

நெய். உன் அம்மா நெய் உருக்கும்போது கடைசியில் முருங்கை இலையைக் கிள்ளிப் போடுவாள். உன் கல்யாணத்துக்கென்று போன வாரம் உருக்கி அடுக்குப்பானையில் ஊற்றி வைத்த நெய்.

நீ ஏழாவது படித்தபோது நடந்தது உனக்கு நினைவிருக்கிறது. நினைவிருந்ததால்தானே செய்தாய். அந்த வருடக் கார்த்திகைக்கு உன் அம்மா மலை மேல் ஏற்றும் தீபத்துக்கு நெய் வாங்கிக் கொடுத்தாள். கொஞ்சம் மீந்துவிட்டது. சாமிக்கென்று வாங்கியதைச் சமையலில் சேர்க்க அவளுக்கு மனம் வரவில்லை. டம்ளரில் மூடி வைத்திருந்தாள். மார்கழியில் மீட்டர் கேபிள் காய்ந்துபோய்க் கிறீச்சிட ஆரம்பித்தது. நான் மேல்முனையைக் கழற்றித் தொங்கவிட்டு எண்ணெய் எடுக்க உள்ளே போன நேரத்தில், அண்ணாமலையார் நெய்யைவிட நல்ல எண்ணெய் எது என்று அவள் டம்ளரை அப்படியே கேபிளுக்குள் கவிழ்த்துவிட்டாள். வண்டி பத்திரமாக ஓடவேண்டும் என்பதுதான் அவள் நினைத்தது. சொல்லவும் இல்லை. நான் தெரியாமல் மாட்டி ஓட்டினேன். சுழலுகிற கம்பி நெய்யை மேலே ஏற்றி மீட்டருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. சில நாள் கழித்து ஒரு விடியற்காலை, உன்னை டியூஷனில் விடப் போகும் வழியில் டீக்கடையில் நிறுத்தினோம். மலையிலிருந்து இறங்கிய குளிரில் நெய் உறைந்து முள்ளைப் பிடித்துக்கொண்டது. வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது, முள் முப்பதில் நிற்கிறது. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"சார், நீங்க டீ குடிக்கறீங்க, வண்டி முப்பதுல போய்க்கினே இருக்குது. ஓடிப் போய்ப் புடிங்க சார்!"

நீ சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. வெயில் வந்து மீட்டரின் மேல் விழுந்ததும் முள் தூக்கத்திலிருந்து விழித்ததுபோல மெல்ல இறங்கியது. "வெயில் பட்டா எறங்குதுப்பா" என்று கைதட்டினாய். அன்று முழுவதும் கிருஷ்ணாயிலில் கழுவினேன். உன் அம்மாவை வருடக்கணக்காக அதைச் சொல்லிக் கேலி செய்தோம். இந்த வீட்டில் நாம் மூவரும் சேர்ந்து சிரித்தவற்றில் அதுதான் பெரியது என்று நினைக்கிறேன்.

அதைத்தான் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறாய்.

நெய்யை நினைவில் வைத்திருந்தாய். மார்கழியை மறந்துவிட்டாய். இது சித்திரை. பகலெல்லாம் குடித்த வெயிலை மலை இருட்டிய பிறகும் கக்கிக்கொண்டிருக்கிறது. அடுக்குப்பானைக்குள்ளேயே உறையாத நெய் கேபிளுக்குள் எப்படி உறையும்? கீழே வழிந்து எறும்பைக் கூப்பிட்டதுதான் மிச்சம். உறைந்திருக்கிறதா என்று பார்க்கவாவது நீ இருந்தாயா? ஊற்றினாய், கிளம்பினாய். மற்றதை அப்பா பார்த்துக்கொள்வார். அப்பா திறப்பார், நெய்யைப் பார்ப்பார், அம்மாவின் பழைய பைத்தியக்காரத்தனம் என்று நினைப்பார், இன்ஸ்பெக்டரிடம் ஆமாம் சொல்வார். அவ்வளவு தூரம் யோசித்தாயா, இல்லை யோசிக்காமலே கை போனதா? எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அம்மாவைக் கூப்பிட்டேன். கம்பியைக் காட்டினேன்.

"நெய்ப்பானையில கை வெச்சது யாரு?"

"அவந்தான். சோத்துக்குப் போட்டுக்கறேன்னு கரண்டியோட எடுத்தான்."

"நெய் வாசனையே ஆகாதுன்னு எலையில ஒதுக்கி வெக்கறவன்."

அவள் கம்பியைப் பார்த்தாள். எறும்பைப் பார்த்தாள். பிறகு, "கழுவிடுங்க" என்றாள்.

"கழுவினா?"

"கழுவினா ஒண்ணும் இல்ல. நீங்களும் ஒண்ணும் சொல்லாதீங்க. அவன் நம்ம புள்ளைங்க. காலேஜ்ல பேசற மாதிரி வீட்ல பேசாதீங்க."

"அந்தப் பச்சையம்மாளும் யாரோ பெத்த புள்ளதான்."

"எனக்குத் தெரியாதா?" என்று கத்தினாள். "தெரிஞ்சிதான் சொல்றேன்." உள்ளே போய்விட்டாள். அதன்பின் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நான் எழுத உட்கார்ந்ததும் பின்னால் வந்து நின்றாள். இதுவரை கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. அதற்கு என்ன பொருள் என்று நீயே யோசி. இந்த வீட்டில் உனக்காகப் பொய் சொல்லத் தயாராக இருந்த ஒரே ஆள் அவள். அவளுடைய ஏமாளித்தனத்தையே நீ திருடிக்கொண்டாய் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

என் பெயரை இழுத்தது எனக்குப் பெரிதில்லை. வண்டியைச் சரியாக வைத்துக்கொள்ளாத வாத்தியார் என்று ஊர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். வேகமாகப் போனாய், அதற்கும் ஒரு தண்டனை உண்டு, அனுபவித்து முடித்திருக்கலாம். என்னால் தாங்க முடியாதது வேறு. அவள் கீழே விழுந்து கிடந்தாள். வேர்க்கடலை ரோடெல்லாம் சிதறிக் கிடந்தது. அதைப் பார்த்த கண்ணோடு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, தூங்கி, எழுந்து, ஒரு கரண்டி நெய்யோடு மரத்தடிக்கு நடந்திருக்கிறாய். கரண்டியைச் சாய்க்காமல், சிந்தாமல் நடந்திருக்கிறாய். முற்றத்தில் ஒரு சொட்டுக்கூட இல்லை. நான் தேடிப் பார்த்தேன். கை நடுங்கிய அடையாளம் எங்காவது இருக்குமா என்று தேடினேன்.

வைகாசியில் உனக்குக் கல்யாணம். அது நடக்குமா என்பது இனி கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் கையில். நானே போய் அவர்களிடம் சொல்லப்போகிறேன். மச்சான், இதைப் படிக்கிறீர்கள் அல்லவா, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கல்யாணம் நடந்தால், நாளைக்கு ஒரு பெண் உன் பின் சீட்டில் உட்காருவாள். அங்கிருந்து அவளுக்கு மீட்டர் தெரியாது. ரோடு தெரியாது. உன் முதுகு மட்டும்தான் தெரியும். அதை நம்பித்தான் அவள் வருவாள். கல்யாணத்தைப் பற்றி உனக்குச் சொல்ல என்னிடம் இதைத் தவிர வேறு புத்திமதி இல்லை.

நாளை மறுநாள் காலை பிரேக் இன்ஸ்பெக்டர் வருகிறார். கம்பியைத் துடைக்கவில்லை. நெய்யோடும் இலைத் துணுக்கோடும் உறைக்குள் செருகி, இருந்தபடியே மாட்டிவிட்டேன். அவர் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றச் சொல்வார். சுற்றுவேன். முள் ஏறும். விட்டால் இறங்கும். கம்பியில் என்ன என்று கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

ஆனால் அவருக்கு வேண்டிய ஒன்று என்னிடம் இல்லை. போன தூரத்தை மீட்டர் கூட்டி வைத்துக்கொள்கிறது. போன வேகத்தை வைத்துக்கொள்வதில்லை. நீ அவளை இடித்து விழுந்ததும் சக்கரம் நின்றது, முள் ஒழுங்காகப் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. அதற்கு முந்தின நொடியில் அது எதைக் காட்டியது என்று பார்த்த ஆள் ஒருவன்தான். குனிந்து, சிரித்துக்கொண்டு, பார்த்துக்கொண்டே வந்தவன்.

மாமா திரும்பி வரும் பஸ்ஸில் உனக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். வந்து அந்த எண்ணைச் சொல். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பச்சையம்மாளிடம். பிறகு இன்ஸ்பெக்டரிடம். என்னிடம் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா